பிறர் இசைத்தட்டுகளில் வாழும் டியூக் பியர்சன்

ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் டொனால்ட் பைர்டின் ‘எ நியூ பெர்ஸ்பெக்டிவ்’ ஆல்பம் 1963 ஜனவரியில் பதிவானது. அதில் ‘கிறிஸ்டோ ரெடென்டோர்’ என்றொரு மெட்டு. எட்டுப் பேர் சொற்களின்றிக் குரல் எழுப்ப, நடுவே பைர்டின் ட்ரம்பெட் பிரார்த்தனைபோல ஒலிக்கிறது. ரியோ டி ஜெனிரோவின் கிறிஸ்து சிலை தந்த உந்துதலில் அதை எழுதியவர் டியூக் பியர்சன். குரல்களுக்கான இசைக்கோர்ப்பும் அவருடையதே. அவர் தேர்ந்த பியானோ கலைஞர். ஆனாலும் அந்தப் பதிவில் பியானோ வாசித்தவர் இளைஞர் ஹெர்பி ஹான்காக். பியர்சனின் கலை வாழ்க்கை முழுக்க இந்தப் பெருந்தன்மை தெரிகிறது.

1932-ல் அட்லாண்டாவில் பிறந்த கொலம்பஸ் கால்வின் பியர்சனுக்கு, ஜாஸ் மேதை டியூக் எலிங்டனின் நினைவாக வந்தது ‘டியூக்’ என்ற பெயர். ட்ரம்பெட்டும் வாசித்துவந்தவர், பல் கோளாறால் அதை விட்டுப் பியானோவில் நிலைத்தார். 1959-ல் நியூயார்க் சென்றார். பீபாப்பின் வேகத்தோடு பிளூஸும் காஸ்பல் இசையும் கலந்த ஹார்ட் பாப் என்ற ஜாஸ் பாணி அங்கே கோலோச்சிய காலம் அது. அவருடைய ‘ஜீனின்’ மெட்டை அடுத்த ஆண்டே சாக்ஸபோன் கலைஞர் கேனன்பால் ஆடர்லி பதிவுசெய்தார்.

1963-ல் சாக்ஸபோன் கலைஞர் ஐக் க்யூபெக் மறைந்தபின், ப்ளூ நோட் இசைத்தட்டு நிறுவனத்தில் க்யூபெக் பார்த்த பொறுப்பு பியர்சனிடம் வந்தது. யார் வாசிப்பது, எந்த மெட்டு, யாரோடு யாரைச் சேர்ப்பது என்று பார்த்துப் பார்த்து அமைக்கும் வேலை.

அவ்வாண்டு நவம்பரில் கிட்டார் கலைஞர் கிரான்ட் க்ரீனுக்காக ‘ஐடில் மொமென்ட்ஸ்’ எழுதி, பியானோவிலும் அமர்ந்தார். ஒரு சுற்று எவ்வளவு நீளம் என்பதில் குழப்பம். க்ரீன் இருமடங்கு வாசித்துவிட, மற்றவர்களும் அப்படியே தொடர்ந்தார்கள். ஏழு நிமிட அளவில் நினைத்த பாட்டு பதினைந்தை நெருங்கியது. அதில் கூடிவந்த உணர்வை இழக்க யாருக்கும் மனமில்லை. இசைத்தட்டில் அதற்கு இடம்விட ‘ஜாங்கோ’, ‘ஜீன் டி ஃப்ளூர்’ இரண்டையும் சில நாள் கழித்துச் சுருக்கிப் பதிந்தார்கள். அவசரமே இல்லாத அந்தப் பாட்டு இன்றும் ஜாஸ் ரசிகர்களின் செல்லம்.

தம் பெயரிலும் ‘வஹூ’, ‘ஸ்வீட் ஹனி பீ’ போன்ற ஆல்பங்களைத் தந்தார். 1967-ல் பிக் பேண்ட் எனும் பெரிய இசைக்குழுவோடும் பதிவுசெய்தார். 1971-ல் ப்ளூ நோட்டை விட்டு விலகினார். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் மெல்ல அவரை முடக்கியது. 1980 ஆகஸ்ட் 4-ல் அட்லாண்டாவில் காலமானபோது வயது 47.

தனி ஆவர்த்தனத்துக்குக் கிடைக்கும் கைதட்டல் இசைக்கோர்ப்புக்குக் கிடைப்பதில்லை. ஆனால், இன்னொருவர் தம் உச்சத்தைத் தொட இடம் அமைத்துக் கொடுப்பதும் முதல் தரமான படைப்புதான். பைர்டையும் க்ரீனையும் கொண்டாடும் ஒவ்வொருவரும் பியர்சனுக்கும் கடன்பட்டவர்களே.