விண்கலத்தைத் தாக்கும் கதிர்கள்

கோபர்கைரனேயில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு பௌர்ணமி இரவு நின்றிருந்தேன். பள்ளியில் பயிலும் என் தம்பி கேட்டான்: "அண்ணா, சந்திரயான்-1 இரண்டாண்டு உழைக்கும் என்றார்களாமே! 312 நாளில் ஏன் ஓய்ந்தது?" அவனுக்குச் சொன்ன விடையை நம் மன்றத்து நண்பர்களுக்கும் கூற விழைகிறேன்.

பூமியின் காந்தப்புலமும் காற்று மண்டலமும் நமக்குக் கவசமாக நிற்கின்றன. நெடுந்தொலைவு செல்லும் விண்கலமோ இக்கவசத்தைத் துறந்து போகிறது. அங்கே சூரியன் வீசும் புரோட்டான்களும், அதற்கப்பாலிருந்து வரும் அண்டக் கதிர்களும் அதன் மின்னணுக் கருவிகளைத் தாக்குகின்றன.

இத்தாக்குதலில் இரு வகை உண்டு. முதலாவது மெல்லக் கொல்லும் நஞ்சு போன்றது. டிரான்சிஸ்டரின் மின்காப்புப் படலத்தில் மின்னூட்டம் சிறுகச் சிறுகச் சேர்ந்து, இறுதியில் அதைச் செயலிழக்கச் செய்கிறது. மற்றது நொடியில் நிகழ்வது. ஒரே ஒரு துகள் நினைவகத்தில் பாய்ந்து 0 என்பதை 1 ஆக்கிவிடும். கணிப்பொறிக் கணக்கில் 0001 என்பது ஒன்று. முன்னுள்ள 0 மாறினால் 1001, அதாவது ஒன்பது! மளிகைக்கடைக்காரர் நம் பற்றை இப்படி எழுதினால் சண்டை பிடிக்கலாம். விண்வெளியில் யாரிடம் முறையிடுவது?

"கனத்த உலோகத்தால் மூடிவிட்டால் என்ன?" என்றான் தம்பி. எடை கூடும், அன்றியும், அதிவேகத் துகள் அவ்வுலோகத்தில் மோதிப் புதிய துகள்களைச் சிதறச் செய்யும். ஆதலின் ஒரே கணக்கை மூன்று சுற்றுகளிடம் கொடுத்து, இரண்டு ஒத்துச் சொல்வதை ஏற்கிறார்கள். உறுப்புகளைப் புறப்படுமுன்பே கோபால்ட்-60 காமாக் கதிரில் வைத்துச் சோதிக்கிறார்கள். கோபால்ட்-60 மூலங்களை வழங்கும் அரசு வாரியம் நமக்கு அருகே வாஷியிலேதான் இருக்கிறது.

சந்திரயான்-1 புறப்பட்டது 2008 அக்டோபர் 22-ல். மறு ஆண்டே விண்மீன்களைப் பார்த்துத் திசையறியும் கருவிகள் பழுதாயின. கதிர்வீச்சின் மீதே ஐயம் எழுந்தது. திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரையும் அவர் குழுவினரும் சோர்ந்துவிடவில்லை. கைராஸ்கோப்புகளின் துணையால் கலத்தைத் திசைப்படுத்திப் பணியைத் தொடர்ந்தனர். 2009 ஆகஸ்டு 29-ல் தொடர்பு அறுந்தது. அதற்குள் அது 3,400 முறைக்கு மேல் நிலவைச் சுற்றிவிட்டது. அடுத்த மாதமே, அது அனுப்பிய தரவுகளிலிருந்து நிலவில் நீரின் தடயம் உண்டென்ற செய்தி உலகெங்கும் பரவியது.

நண்பர்களே, பழுதே நேராத கருவியை எவரும் செய்ததில்லை. பழுது நேரும் என்று முன்னரே எண்ணி, அதற்கு மாற்றுவழியும் வைப்பதே பொறியியல். தேர்வுக்குப் படிக்கும் சுற்றுப்படத்தை அடுத்தமுறை பார்க்கையில், "இதில் ஓர் உறுப்பு கெட்டால் என்னவாகும்?" என்று கேட்டுப் பாருங்கள்.