பட்டா இல்லாத மனையில் வலைப்பூ வீடு

டிராம்பே சீத்தா கேம்ப் தமிழர்களுக்குப் பட்டா இல்லாத மனையின் கதையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அணு ஆராய்ச்சி நிலையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனியில் ஜனங்களைக் கொண்டுவந்து குடியமர்த்தியதே மாநகராட்சிதான். அதே காலனி 1976 மே மாதம், நெருக்கடி நிலை காலத்தில், இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. சுமார் 70 ஆயிரம் பேர் சீத்தா கேம்ப் சதுப்பு நிலத்துக்கு மாற்றப்பட்டார்கள். காலனியைக் காக்க கோர்ட்டு வரை போய்ப் போராடிய ஜோக்கின் அற்புதம் 2000-ம் ஆண்டு மகசேசே விருது பெற்றவர்.

இதற்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது.

நமக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற குமாஸ்தா ஒருவர், அந்தக் காலனி நாட்களை இன்டர்நெட்டில் ஓர் இலவச வலைப்பூவில் எழுதி வந்தார். தண்ணீர்க் குழாய்ச் சண்டை, கோவில் கொடை, கூரை பிரித்த நாள் என்று ஆறு ஆண்டு எழுத்து. ஒரு நாள் காலையில் திறந்தால், "விதிமீறல் காரணமாக நீக்கப்பட்டது" என்று ஒரே ஒரு வரி நின்றது. எந்த விதி? அதைச் சொல்லவில்லை. முறையீட்டுப் படிவம் நிரப்பி அனுப்பினார். எந்திரம் பதில் போட்டது. நகலும் எடுத்து வைக்கவில்லை. ரெயிலில் பார்சல் தொலைந்தால்கூட ரசீதைக் காட்டி நஷ்டஈடு கேட்கலாம். இங்கே ரசீதே கிடையாது!

கம்பெனியும் மூடப்படலாம்

இனாமாக இடம் கொடுப்பவர் கடையை மூடினால் என்ன ஆகும்? ஜியோசிட்டீஸ் என்ற இலவச இணையக் குடியிருப்பை 1999-ல் யாகூ கம்பெனி கோடிக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கியது. பத்து ஆண்டு கழித்து, 2009 அக்டோபர் 26-ந் தேதி இழுத்து மூடியது. ஆரம்ப கால தமிழ்ப் பக்கங்கள் பல அதில்தான் இருந்தன. மைக்ரோசாப்டின் ஸ்பேசஸ் 2011-லும், போஸ்டரஸ் 2013-லும் மூடப்பட்டன. காசு கொடுத்தால் மட்டும் நிலைக்குமா என்றால் அதுவும் இல்லை. கட்டணம் வாங்கி நடந்த டைப்பேட் 2025 செப்டம்பர் 30-ந் தேதி மூடிக்கொண்டது. ஆனால் காசு கொடுத்தவர் கேள்வி கேட்கலாம். இனாம்காரர் எதைக் கேட்பது?

குண்டு வெடித்த வாரம்

பம்பாய்க்காரர்கள் நேரில் கண்ட சம்பவம் ஒன்று உண்டு. 2006 ஜூலை 11-ந் தேதி மாலை, மேற்கு ரெயில்வே மின்சார ரெயில்களில் 7 குண்டுகள் 11 நிமிடத்தில் வெடித்தன. 180-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். ரெயில்வே ஊழியர்கள் யாரும் அந்த இரவை மறக்க முடியாது.

இரண்டொரு நாளில் மத்திய தொலைத்தொடர்புத் துறை, சில இணையப் பக்கங்களைத் தடுக்கும்படி இன்டர்நெட் கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டது. பட்டியலில் இருந்தவை இருபதுகூட இல்லை. ஆனால் கம்பெனிகள் தனித்தனி அறையைப் பூட்டத் தெரியாமல் கட்டடத்தையே பூட்டிவிட்டன. பிளாக்ஸ்பாட் முழுவதும் தடைபட்டது. சமையல் குறிப்பு எழுதியவரும், கவிதை எழுதியவரும் மாட்டிக்கொண்டார்கள். பலத்த கண்டனம் எழுந்த பிறகே தடை விலகியது. ஒரே வாசல் உள்ள கட்டடத்தில் ஆயிரக்கணக்கானோர் குடியிருந்தால் வரும் வினை இது.

இவ்வளவுக்கும், அதே பிளாக்ஸ்பாட்டில்தான் 2004 டிசம்பர் சுனாமியின்போது பம்பாய் இளைஞர்கள் சிலர் முன்னின்று உதவித் தகவல் பக்கம் நடத்தினார்கள். இனாம் இடத்தின் நன்மையை மறுப்பதற்கில்லை. பத்து காசு செலவில்லாமல் தமிழில் எழுத ஆயிரக்கணக்கானோருக்கு வழி திறந்தது அதுதான்.

முகவரி பறிபோனது

2012-ல் கூகுள் கம்பெனி, இந்தியாவில் இருந்து படிப்போரை பிளாக்ஸ்பாட் டாட் இன் என்ற புது முகவரிக்குத் திருப்பியது. எழுதியவர்களின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. நண்பர்களும் மற்ற பக்கங்களும் அந்த முகவரியையே குறித்துக்கொண்டார்கள். 2020-ல் அந்தப் பெயர் கூகுள் கையை விட்டு வேறு ஒருவருக்குப் போய்விட்டது. பழைய டாட் காம் முகவரி பிழைத்தது. டாட் இன் என்று குறித்த இணைப்புகள் எல்லாம் செத்தன. வீடு அப்படியே இருக்க, தெருப் பெயரை மட்டும் விற்றது போல!

விளம்பர வருமானமும் இப்படித்தான். வேர்டுபிரஸ் டாட் காம் இலவசப் பக்கங்களில் விளம்பரம் போடுவது கம்பெனி. காசும் அதற்கே. தமிழ்ப் பக்கங்களுக்கு கூகுள் தன் விளம்பரத் திட்டத்தைத் திறந்ததே 2018-ல்தான். அதற்குள் எழுதியவர்களில் பலர் பேஸ்புக்குக்குப் போய்விட்டார்கள். அதுவும் இன்னொருவர் மனைதான் என்பது வேறு விஷயம்.

இரண்டு ஆண்டு எட்டிப் பார்க்காத கணக்கை நீக்க கூகுள் விதி செய்திருப்பதையும் கவனிக்க வேண்டும். எழுதியவர் காலமாகி, கடவுச்சொல் பிள்ளைகளுக்குத் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதை யோசித்துக்கொள்ளலாம்.

செய்ய வேண்டியது

பிளாக்கரில் அமைப்புகள் பகுதியிலும், வேர்டுபிரஸில் கருவிகள் பகுதியிலும், எழுதியதை எல்லாம் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ள வசதி இருக்கிறது. மாதம் ஒரு முறை, சம்பள நாளன்று செய்தால் மறக்காது. படங்களைத் தனியாகச் சேமிக்க வேண்டும். பென் டிரைவில் ஒன்று, ஊரில் தம்பியிடம் ஒன்று என்று இரு இடத்தில் வைப்பது நல்லது.

சொந்த முகவரி ஒன்றை ஆண்டுக்குச் சில நூறு ரூபாயில் பதிவு செய்யலாம். அதைப் பிளாக்கருடன் இணைக்கவும் முடியும். இடம் மாறினாலும் முகவரி மாறாது. ஆனால் ஆண்டுதோறும் கட்டணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள்.