சர்க்கரையும் கொழுப்பும் ஒரே கணக்கு

கல்லாவில் உட்கார்ந்தே காலம் தள்ளும் நம்மில் பலருக்குச் சர்க்கரை நோய் உண்டு. சர்க்கரை அளவை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தி அடைகிறோம். நாங்களும் அப்படித்தான் இருந்தோம். இன்சுலின் ஊசி என்றதும் பயந்து ஓராண்டு தள்ளிப்போட்டோம். பிறகு இரத்தம் சோதித்தபோது டிரைகிளிசரைடு 410! எண்ணெய்ப் பலகாரம் விட்டு வெகுநாளாயிற்றே, எப்படி என்று கேட்டோம். டாக்டர் விளக்கினார்.

இன்சுலின் சர்க்கரையோடு நிற்பதில்லை. கொழுப்புக் கிட்டங்கியின் சாவியும் அதன் கையில்தான். அது குறைந்தாலோ, உடல் அதற்குக் கட்டுப்படாவிட்டாலோ, சேமித்த கொழுப்பு கரைந்து கல்லீரலில் வந்து குவிகிறது. கல்லீரல் அதை டிரைகிளிசரைடாக மூட்டை கட்டி இரத்தத்தில் அனுப்புகிறது. நல்ல கொழுப்பான எச்.டி.எல். குறைகிறது. கெட்ட கொழுப்பான எல்.டி.எல். துகள்கள் சிறுத்து, இரத்தக் குழாய்ச் சுவரில் எளிதாகப் புகுகின்றன. மாரடைப்புக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஊசி தொடங்கிய சில மாதங்களில் எங்கள் டிரைகிளிசரைடு 190க்கு இறங்கியது. ஆனால் எல்.டி.எல். குறைய ஊசி மட்டும் போதவில்லை. ஸ்டேடின் மாத்திரையும் எழுதித் தந்தார்கள். 40 வயது கடந்த சர்க்கரை நோயாளிகளில் பெரும்பாலோருக்கு இன்று அதைப் பரிந்துரைக்கிறார்கள்.

வரவை மட்டும் எழுதிச் செலவை விட்டால் கணக்கு நேராகுமா? ஆண்டுக்கு ஒருமுறையாவது கொழுப்பையும் சோதித்துக்கொள்ளுங்கள். டாக்டரைக் கேட்காமல் ஊசியையோ மாத்திரையையோ நிறுத்தாதீர்கள். கடையைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். உடம்பை நாம்தான் பார்க்க வேண்டும்.