ஓடிவந்த பிள்ளையிடம் கேட்காத கேள்வி

திருவனந்தபுரம் தம்பானூரில் ரயில் நிலையமும் கே.எஸ்.ஆர்.டி.சி. பேருந்து நிலையமும் எதிரெதிரே இருக்கின்றன. வீட்டில் சொல்லாமல் கிளம்பி வந்த பிள்ளைகள் இங்கே ரயில்வே பாதுகாப்புப் படையினர் கண்ணிலோ, 1098 உதவி எண்ணின் ஊழியர்கள் கண்ணிலோ அவ்வப்போது படுகிறார்கள். பேர் என்ன, ஊர் எது, அப்பா செல் நம்பர் என்ன என்று விசாரணை தொடங்கும். 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் பிள்ளையை நிறுத்தியாக வேண்டும். பெற்றோர் வந்து கையெழுத்துப் போட்டு அழைத்துப் போய்விட்டால் எல்லாருக்கும் நிம்மதி. “ஏன்டா இப்படிச் செஞ்சே?” என்று அந்தப் பிள்ளையிடம் பத்துப் பேராவது கேட்டிருப்பார்கள். வீட்டிலும் பள்ளியிலும் உன் பொழுது எப்படிப் போகிறது என்று கேட்பவர்தான் அரிது. செய்த தப்பை மட்டும் பார்த்துவிட்டு, செய்தவனுக்கு வாழ்க்கை பிடித்திருக்கிறதா என்று பார்க்காமல் விடுவது பாதி வேலை என்பது என் வாதம்.

தவறான நடத்தைக்கும் வாழ்க்கையில் உள்ள மனநிறைவுக்கும் இடையிலான உறவை விரிவாக ஆராய்ந்தவர்களில் ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேனியல் ஷெக் முக்கியமானவர். வாழ்க்கை தனக்கு எவ்வளவு திருப்தியாக இருக்கிறது என்பதை அளக்க, அமெரிக்க உளவியலாளர் எட் டீனர் 1985இல் தன் சகாக்களோடு வெளியிட்ட அளவுகோல் ஒன்று உண்டு. ஐந்தே வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். ஷெக்கும் அவருடைய குழுவினரும் ஆயிரக்கணக்கான ஹாங்காங் பள்ளி மாணவர்களிடம் இதைக் கொடுத்தார்கள். திருட்டு, அடிதடி, போதைப் பழக்கம் போன்றவற்றைப் பற்றியும் கேட்டார்கள். மனநிறைவு குறைந்த பிள்ளைகளிடம் தவறான நடத்தை கூடுதலாகத் தெரிந்தது. எந்தப் பிள்ளைக்குக் கோபத்தை அடக்கத் தெரிகிறதோ, நம்பிப் பேச ஆள் இருக்கிறதோ, தன்னால் முடியும் என்ற நினைப்பு இருக்கிறதோ, அந்தப் பிள்ளையிடம் நிறைவு கூடியும் சேட்டை குறைந்தும் இருந்தது.

இரண்டும் சேர்ந்து இருப்பதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வகுப்பில் அடிதடி செய்தவனை ஆசிரியர் ஒதுக்குகிறார், வீட்டில் அடி விழுகிறது, அதனாலேயே அவன் வாழ்க்கை கசந்தும் போகலாம். ஆனால் சங்கிலி எந்தப் பக்கம் தொடங்கினாலும், தண்டனை மட்டும் அதை அறுக்காது என்பதில் மாற்றமில்லை. சந்தோஷமாக இருக்கிற பையனும் கூட்டாளி சொல்லி சிகரெட் பிடிக்கிறானே என்றால், பிடிக்கிறான்தான். ஆய்வு சொல்வது பெரும்போக்கை, ஒவ்வொரு பையனின் ஜாதகத்தை அல்ல. சீனப் பிள்ளைகளின் கணக்கு நமக்கு எதற்கு என்பாரும் உண்டு. மதிப்பெண்ணை வைத்துக் குடும்ப மானத்தை எடைபோடுவதில் ஹாங்காங்குக்கும் நமக்கும் பெரிய தூரமில்லை. தவிர, ஓடிவருவது எல்லாமே தவறான நடத்தையும் அல்ல. தினமும் அடி விழுகிற வீட்டிலிருந்து ரயிலேறிய பிள்ளை, ஒருவகையில் புத்திசாலி.

கேரளம் சும்மா இருக்கவில்லை. 2010 ஆகஸ்டில் தொடங்கிய மாணவர் காவல் படைத் திட்டம் 2018இல் நாடு முழுவதற்கும் போனது. காக்கிச் சீருடை, அணிவகுப்பு, முகாம் என்று ஒரு பிள்ளைக்குத் தன்மதிப்பைத் தரக்கூடிய திட்டம்தான். ஆனால் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்பிலிருந்து எடுப்பது 44 பேரை. அதற்கு எழுத்துத் தேர்வும் உடல்தகுதித் தேர்வும் உண்டு. படிப்பில் பின்தங்கி, பின்வரிசையில் முறைத்துக்கொண்டிருப்பவன் இதில் எப்படித் தேறுவான்? அவனைப் போன்றவர்களுக்கென்று தனித் திட்டமும் வந்தது. ஆனால் ‘பிரச்சினைப் பிள்ளை’ என்ற பட்டமும் கூடவே வந்துவிடுமோ என்பது என் கவலை. ஹாங்காங்கில் 2005இல் தொடங்கிய ‘பாத்ஸ்’ திட்டம் வரிசையை மாற்றிப் போட்டது. முதலில் நடுநிலை வகுப்பு மாணவர் எல்லாருக்கும் ஆண்டுக்கு 10 அல்லது 20 மணி நேரப் பயிற்சி. கூடுதல் உதவி வேண்டியவர்களுக்கு அதற்கு மேல் இரண்டாம் அடுக்கு.

எல்லாருக்கும் என்பது ஏன் முக்கியம் என்பதற்குக் கேரளத்திலேயே கசப்பான சான்று இருக்கிறது. ஊரடங்கு தொடங்கிய 2020 மார்ச் 25 முதல் ஜூலை வரை 18 வயதுக்குட்பட்ட 66 பேர் தற்கொலை செய்துகொண்டதாக முதல்வர் பினராயி விஜயன் அந்த ஜூலையில் தெரிவித்தார். அதையொட்டிப் பிள்ளைகள் போன் செய்து பேச ‘சிரி’ என்ற சேவையைக் காவல்துறை தொடங்கியது. மனக்கசப்பு எப்போதும் சேட்டையாகத்தான் வெளிவரும் என்பதில்லை. வம்புதும்பு இல்லாத, சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளைக்கும் அது இருக்கலாம். சேட்டையை மட்டும் தேடுகிற கண்ணுக்கு அவன் தட்டுப்படமாட்டான்.

பிள்ளைகளுக்கு இவ்வளவு இடம் கொடுத்தால் தலைக்கு மேல் ஏறிவிடுவார்கள் என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒன்று: கேட்பது வேறு, விட்டுக்கொடுப்பது வேறு. திருடியதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லலாம், கண்டிக்கலாம், கூடவே கேட்கவும் செய்யலாம். இதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டியதில்லை. நலக் குழுவின் முன் வரும் பிள்ளையின் வீடு, பள்ளி, சூழல் பற்றிய சமூக விசாரணையை 15 நாளில் முடிக்க வேண்டும் என்று சிறார் நீதிச் சட்டமே சொல்கிறது. டீனரின் ஐந்து வாக்கியங்களுக்கு அந்த விசாரணையில் பிடிப்பது ஐந்து நிமிடம். பெற்றோரை வெளியே உட்காரவைத்துவிட்டு, பிள்ளையிடம் மட்டும் கேட்க வேண்டும்.