ஆவணங்கள் எங்கே என்று வீட்டாருக்குத் தெரியுமா?

இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் பல குடும்பங்களில் ஆவணப் பை ஒருவரின் பொறுப்பிலேயே இருந்தது. அதற்குள் என்னென்ன இருக்கின்றன என்பது இன்றும் அவருக்கு மட்டுமே தெரிந்திருக்கலாம். அவர் திடீரென இறந்துவிட்டால், ஊர் திரும்பிய குடும்பம் தனது சொந்தக் காணிக்கே அலைய நேரிடும்.

சாவைப் பற்றிக் கதைப்பது அபசகுனம் என்று தயங்குகிறீர்களா? "இந்தப் பை தொலைந்தால் என்ன செய்வோம்?" என்று கதையைத் தொடங்குங்கள். இடம்பெயர்ந்தவர்களுக்கு இது புதிய கேள்வி அல்ல.

பின்வரும் விபரங்களை ஒரு கொப்பியில் எழுதுங்கள்:

• காணி உறுதி: உறுதி இலக்கம், திகதி, உறுதி முடித்த நொத்தாரிசின் பெயர். உறுதி தொலைந்தாலும், இவற்றைக் கொண்டு காணிப் பதிவகத்தில் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம்.

• அரச காணி அனுமதிப்பத்திரம்: அதன் இலக்கம், பின்னுரித்தாளராகப் பதியப்பட்டவரின் பெயர். எவரும் பதியப்படாவிட்டால் பிரதேச செயலகக் காணிப் பிரிவில் விசாரியுங்கள்.

• பிறப்பு, விவாக, இறப்புச் சான்றிதழ்கள்: பதிவு இலக்கம், திகதி, பதிவுப் பிரிவு. இவை தெரிந்தால் பிரதி எடுப்பது இலகு.

• வங்கிக் கணக்கு, ஊழியர் சேமலாப நிதி: கிளை, கணக்கு இலக்கம், அங்கத்துவ இலக்கம், நீங்கள் பெயர் குறித்தவர். அவர் யுத்தத்தில் இறந்திருந்தால் புதியவரின் பெயரைப் பதியுங்கள்.

• அடகும் கடனும்: பற்றுச்சீட்டு இருக்கும் இடம், நகையை மீட்க வேண்டிய திகதி, கொடுக்க வேண்டிய காசு, வர வேண்டிய காசு. திகதி தவறினால் நகை ஏலத்துக்குப் போகலாம்.

இந்தக் கொப்பி இருக்கும் இடம் உங்களைத் தவிர வேறு இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கட்டும். ஆண் பிள்ளைகளிடம் மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள். மனைவிக்கும் பெண் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். பலருடைய வீட்டில் அலுவலகங்களுக்கு ஏறி இறங்குபவர்கள் அவர்களே. ஆவணங்களைப் போட்டோப் பிரதி எடுத்து, நம்பிக்கையான உறவினர் வீட்டில் ஒரு தொகுதியை வையுங்கள்.

வங்கி அட்டையின் இரகசிய இலக்கத்தைக் கொப்பியில் எழுத வேண்டாம். "உதவி செய்கிறோம்" என்று வருபவர்களிடம் மூல உறுதியைக் கொடுக்கவோ, வெற்றுத்தாளில் கையொப்பம் இடவோ வேண்டாம்.

குடும்பத்தில் ஒருவர் காணாமற்போயிருந்து, அவருடைய பெயரில் காணியோ வங்கிக் கணக்கோ இருந்தால், நீங்களாக முடிவெடுக்க முன்னர் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் ஆலோசனை பெறுங்கள்.

வருடத்துக்கு ஒரு தடவை, தைப்பொங்கலுக்கு வீடு துப்புரவாக்கும்போது, பையைத் திறந்து எல்லோரும் சேர்ந்து பாருங்கள். மாறியவற்றைக் கொப்பியிலும் மாற்றி எழுதுங்கள்.