ஊர் நீதிபதி பதவிக்கு மனுச் செய்வது எங்ஙனம்?

நமது சங்கரன்கோவில் வட்டாரத்தில் ஊராட்சித் தேர்தல் நெருங்கும்போது, அலுவலகத்திற்கு வரும் குடியானவர்களிற் சிலர் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "ஊர்த் தகராறுகளுக்குத் தீர்ப்புச் சொல்லும் பதவிக்கு எந்தப் படிவத்தில் மனுப் போடவேண்டும்?" என்பதே அது. ஊராட்சித் தலைவர் பதவிதான் அது என்று எண்ணுவோரும் உளர். ஒரு சொல்லில் விடை கூறிவிடலாம். ஆயினும் காரணத்தையும் சேர்த்துச் சொல்வதே முறை.

தமிழ்நாட்டில் நீதிபதி பதவி வாக்குச்சீட்டால் நிரப்பப்படுவதன்று. உரிமையியல் நீதிபதிகள் சட்டம் பயின்று, தேர்வில் வென்று நியமனம் பெறுவோர். 2008ஆம் ஆண்டின் கிராம நியாயாலயச் சட்டமும் இவ்வழியே செல்கின்றது. அச்சட்டப்படி அமையும் நீதிமன்றத்திற்குரிய நியாயாதிகாரியை உயர் நீதிமன்றத்தைக் கலந்து மாநில அரசே நியமிக்கும். ஆகவே ஊர் நீதிபதி பதவிக்கென ஒரு வேட்பு மனுப் படிவம் நம்மிடம் இல்லை.

கேட்பவர்களைக் குறை கூறுவதற்கில்லை. ஊரே நீதி வழங்கிய வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலம் இருந்தது. 1816ஆம் ஆண்டில், தாமஸ் மன்றோவின் முயற்சியால், சென்னை மாகாணத்துக் கிராமத் தலைவர்கள் முன்சீப்புகளாக்கப்பட்டு, பத்து ரூபாய் வரையுள்ள சிறு வழக்குகளைத் தீர்க்கும் அதிகாரம் பெற்றனர். கிராம முன்சீப் பதவி 1980இல் ஒழிந்தது. பதவி ஒழிந்தும், 'தலைவர் சொன்னால் தீர்ப்பு' என்ற நினைவு மட்டும் ஊரில் தங்கிவிட்டது.

நீதி சொல்வோரை மக்களே தேர்ந்தெடுக்கும் முறை இன்றும் பீகாரில் உண்டு. 2006ஆம் ஆண்டின் பீகார் பஞ்சாயத்து ராஜ் சட்டப்படி ஒவ்வொரு கிராம ஊராட்சிக்கும் 'கிராம கச்சேரி' என்னும் நீதிமன்றம் ஒன்று உண்டு. அதன் தலைவரைச் 'சர்பஞ்ச்' என்றும், உறுப்பினரைப் 'பஞ்ச்' என்றும் அழைக்கின்றனர். நிற்பவருக்கு 21 வயது நிரம்பியிருத்தல் வேண்டும். மனுவைப் பெறும் தேர்தல் அலுவலர் பெரும்பாலும் எம்மைப் போன்ற வட்டார வளர்ச்சி அலுவலரே. 2021 தேர்தலில் சர்பஞ்ச் பதவிக்கு மனுக் கட்டணம் ரூ.1000, பஞ்ச் பதவிக்கு ரூ.250, பெண்களுக்குப் பாதி. பத்தாயிரம் ரூபாய் வரையுள்ள சிவில் வழக்குகளைக் கச்சேரி விசாரிக்கலாம். ஆயிரம் ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தலாகாது. சிறைத் தண்டனை கூடவே கூடாது. சட்டம் பயின்ற 'நியாய மித்திரர்' ஒருவர் துணையிருப்பார்.

இதில் நம் அன்பர்கள் கூர்ந்து நோக்க வேண்டியது வேறொன்று. பீகாரில் சாலை போடுபவர், விளக்கு ஏற்றுபவர் 'முக்கியா' எனப்படும் ஊராட்சித் தலைவர். நீதி சொல்லும் சர்பஞ்ச் அவரல்லர், வேறொருவர். நீதிபதியைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலுங்கூட, குடிநீர் இணைப்புத் தரும் கையும் தீர்ப்பு எழுதும் கையும் வெவ்வேறாகவே வைக்கப்பட்டுள்ளன. நமக்கு எதிராக வாக்களித்தவர் நம்மிடமே வழக்குடன் வந்து நிற்கும் நிலையை எண்ணிப் பார்த்தால், இதன் நியாயம் விளங்கும்.

அப்படியாயின் தலைவர் ஊர்ச் சச்சரவில் வாய் திறக்கவே கூடாதா? வரப்புத் தகராறு, மடை நீர்ப் பங்கு, வண்டிப்பாதை ஆகியவற்றில் இரு தரப்பாரையும் உட்காரவைத்துப் பேசி, அவர்கள் மனமொத்துச் சமாதானமானால், அது நல்ல காரியமே. அபராதம் விதிப்பதும், ஒரு குடும்பத்தைத் தள்ளிவைப்பதும், கோயில் கொடைக்கு அவர்களிடம் தலைக்கட்டு வரி வாங்க மறுப்பதும், மிரட்டிக் கையெழுத்து வாங்குவதும் அவ்வாறல்ல. அவை கட்டப் பஞ்சாயத்து. தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கொன்றில் 2011ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இத்தகைய பஞ்சாயத்துக்கள் முற்றிலும் சட்டவிரோதமானவை என்று கூறி, அவற்றை அடக்கத் தவறும் அதிகாரிகள் மீதும் நடவடிக்கை எடுக்கப் பணித்தது. அடிதடி, பெண்களுக்கு இழைக்கப்படும் கொடுமை, சாதிக் கொடுமை ஆகியவற்றைப் 'பேசி முடிப்பது' என்ற பேச்சுக்கே இடமில்லை. அவை காவல் நிலையத்திற்கு உரியவை.

நீதிமன்றச் செலவுக்கு அஞ்சியே பலர் கட்டப் பஞ்சாயத்தை நாடுகின்றனர். அவர்கட்கு வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கின்றது. பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆகியோர் வருமானம் பாராமலே இலவசச் சட்ட உதவி பெறலாம். மக்கள் நீதிமன்றத்தில் ஏற்படும் சமரசம் சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமமானது. அதன்மேல் மேல்முறையீடு இல்லை. நீதிமன்றத்தில் முன்னரே நிலுவையிலிருந்த வழக்காயின், செலுத்திய கட்டணமும் திரும்பக் கிடைக்கும். 15100 என்ற எண்ணில் தொலைபேசியில் கேட்டறியலாம்.

இனி, நிற்கக்கூடிய பதவிகளைப் பற்றிச் சிறிது. தகுதி பார்த்து ஆளமர்த்தும் வழக்கம் நமக்குப் புதிதன்று. சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலி செல்லும் வழியிலுள்ள மானூரில், ஏறத்தாழ கி.பி. 800ஆம் ஆண்டைச் சேர்ந்த பாண்டியர் கல்வெட்டு ஒன்று சபை உறுப்பினரின் தகுதிகளை வகுக்கின்றது. அது நிலப்பங்குடைய சிலரின் சபைதான், எல்லோர்க்கும் உரியதன்று. எனினும், எதற்கெடுத்தாலும் 'அன்று, அன்று' என்று மறுத்துக் காரியத்தைக் கெடுப்பவருக்கு ஐந்து காசு தண்டம் என்ற விதி அதில் உண்டு. நம் கூட்டங்களை நினைக்கையில் சிலருக்குப் பெருமூச்சு வரலாம்!

முன்னாளில் 'அபேட்சகர்' என்று வழங்கிய வேட்பாளர், 21 வயது நிறைந்தவராயும், அவ்வூராட்சி வாக்காளர் பட்டியலில் பெயருள்ளவராயும் இருத்தல் வேண்டும். அவரை முன்மொழிபவரும் வாக்காளராக இருத்தல் வேண்டும். பதவி பெண்களுக்கோ, ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கோ ஒதுக்கப்பட்டதா என்பதை முதலில் பார்த்துக்கொள்க. நமது தென்காசி மாவட்டத்தில் நடந்த 2021 தேர்தலில் வைப்புத்தொகை, வார்டு உறுப்பினருக்கு ரூ.200, தலைவருக்கு ரூ.600, ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு அதிற்பாதி. அடுத்த தேர்தலுக்குரிய தொகையையும், மனுப் பெறும் இடத்தையும் நேரத்தையும் அறிவிக்கையிற் கண்டு செல்க. ஊராட்சி வரி பாக்கியைத் தீர்த்து ரசீதைப் பத்திரப்படுத்துவது நன்று. பட்டியலிலுள்ள பெயரும் எண்ணும் மனுவில் எழுத்துப் பிசகாமல் இருத்தல் வேண்டும். கடைசி நாள் மாலை வரை காத்திருந்தால், பிழை திருத்த நேரம் இராது.

பதவியை ஊர் கூடி ஏலம் விடுவது சட்டவிரோதம். வென்றவர், தோற்றவர் எவராயினும், முடிவு வெளியான 30 நாட்களுக்குள் தேர்தல் செலவுக் கணக்கை ஒப்படைத்தல் வேண்டும். தவறினால் மூன்றாண்டுகள் தேர்தலில் நிற்க முடியாமற் போகும்.