முகமூடி போட்ட கார்கள்!

ஹைவேயில் பார்த்திருப்பீங்க. உடம்பு முழுக்க கறுப்பு வெள்ளையில் சுழி சுழியாக ஸ்டிக்கர். கம்பெனி பெயர் கிடையாது. விர்ர்ரென்று ஒரு கார் உங்களைத் தாண்டிப் போகும். 'யார்றா இது, வரிக்குதிரைக்குத் தம்பியா?' என்று நீங்கள் மொபைலை எடுப்பதற்குள் ஆள் எஸ்கேப்! அது இன்னும் ஷோரூமுக்கு வராத புது மாடல். டெஸ்ட்டுக்காக ரோட்டுக்கு வந்திருக்கிறது. அந்த ஸ்டிக்கர்தான் அதன் முகமூடி.

இந்த ஸ்டிக்கர் சமாசாரமெல்லாம் பிற்பாடு வந்தது. 1950-களில் எப்படி ஒளித்தார்கள் தெரியுமா?

ஏன் இந்தக் கண்ணாமூச்சி?

ஒரு காரை வரைந்து, அச்சு செய்து, விற்பனைக்குக் கொண்டுவர வருஷக்கணக்கில் ஆகும். நடுவிலேயே 'புதுசு வரப்போகுது' என்று ஊருக்குத் தெரிந்துவிட்டால், இன்றைக்குக் கடையில் நிற்கிற பழைய மாடலை யார் வாங்குவார்கள்? போட்டிக் கம்பெனிக்காரனும் உஷாராகிவிடுவான்.

அதற்காக ஷெட்டுக்குள்ளேயே பூட்டி வைக்கவும் முடியாது. லேபில் ஜம்மென்று ஓடுகிற வண்டி, மேடு பள்ளத்திலும் மழையிலும் குளிரிலும்தான் தன் சுயரூபத்தைக் காட்டும். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பண்ணின எல்லோருக்கும் இது புரியும் பாஸ்!

ஆக, ஓட்டியே ஆகணும். ஆனா யாரும் பார்க்கக் கூடாது. அதுக்குத்தான் மாறுவேஷம்.

காட்டிக்கொடுத்த கவிதை

1952. சோதனை ஓட்டத்தில் இருந்த ஒரு மெர்சிடிஸ் காரின் படத்தை ஜெர்மனியின் 'ஆட்டோ மோட்டார் உண்ட் ஸ்போர்ட்' பத்திரிகை வெளியிட்டது. கூடவே ஒரு கிண்டல் கவிதை. மகாகவி கதே 1782-ல் எழுதிய 'எர்ல்கோனிக்' பாட்டை அப்படியே உல்டா அடித்திருந்தார்கள்.

ஒரிஜினல் பாட்டின் கதை இதுதான். ராத்திரியில் மகனை அணைத்தபடி அப்பா குதிரையில் பறக்கிறார். பையன் கண்ணுக்கு ஒரு மாயராஜா தெரிகிறான். அதெல்லாம் வெறும் மூடுபனி என்று அப்பா சமாளிக்கிறார். கம்பெனி 'ஒண்ணுமே இல்லை' என்று சாதிக்க, பத்திரிகை கண்ணுக்கு மட்டும் புதுக் கார் தெரிந்தது. பொருத்தம் எப்படி?

அடுத்த வருஷமே 'மெர்சிடிஸ் 180' வெளியே வந்தது. ஆனால் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. மாறுவேஷத்தில் திரியும் சோதனைக் காரை ஜெர்மானியர்கள் இன்றைக்கும் 'எர்ல்கோனிக்' என்றுதான் சொல்கிறார்கள்.

ஆரஞ்சுப் பெட்டி

1956-ல் சூயஸ் கால்வாய் பிரச்னை. இங்கிலாந்தில் பெட்ரோலுக்கு ரேஷன். 'குறைவாகக் குடிக்கிற குட்டிக் கார் வேணும்' என்று பி.எம்.சி. கம்பெனியின் தலைவர் லெனார்டு லார்டு முடிவெடுக்க, அலெக் இஸிகோனிஸ் டீம் களத்தில் இறங்கியது. அதுதான் மினி!

1957-ல் ஓடத் தொடங்கிய மாதிரி வண்டிகளுக்கு ஆரஞ்சு பெயின்ட். அதனால் செல்லப் பெயர் 'ஆரஞ்சுப் பெட்டி'. முகத்தை மறைக்க என்ன செய்தார்கள்? அப்போது விற்பனையில் இருந்த ஆஸ்டின் ஏ35 காரின் கிரில்லைக் கழற்றி இதில் மாட்டினார்கள். அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் போட்ட மாதிரி. ராத்திரி நேரத்தில் ரோட்டில் ஓட்டினார்கள். மற்ற நேரத்தில் பழைய விமான தளத்தில் சுற்றினார்கள்.

டெஸ்ட்டுக்குப் பலன் இருந்தது. கார்புரேட்டர் முன்பக்கம் பார்த்தபடி இருந்த எஞ்சினை 180 டிகிரி திருப்பி வைத்தார்கள். 1958 ஜூலையில் லார்டு கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒரு வருஷத்தில் தயாரிப்பைத் தொடங்கச் சொன்னார். 1959 ஆகஸ்ட் 26-ல் மினி அறிமுகம்.

அப்புறம்தான் வந்தது மழை! கார் வாங்கினவர்கள் கால் வைத்தால் தரை விரிப்பு சொதசொத. அடித்தகட்டின் இணைப்பு தப்பான திசையில் மடிந்திருந்ததால், ரோட்டுத் தண்ணீரை வாரி உள்ளே விட்டது. அத்தனை சோதனையிலும் பிடிபடாத ஓட்டையைக் கஸ்டமர்தான் கண்டுபிடித்தார்!

இல்லாத கம்பெனியின் கார்

இன்னொரு கில்லாடி ஐடியா: முகத்துக்குப் பதிலாகப் பேரை மாற்றுவது. 1969-ல் ரேஞ்ச் ரோவரை டெஸ்ட் பண்ணின ரோவர் கம்பெனி, வண்டி முன்னால் 'வெலார்' என்று எழுத்துகளை ஒட்டியது. நம்பர் பிளேட் பதிவுக்காக அந்தப் பெயரில் கம்பெனியே ரிஜிஸ்டர் பண்ணிவிட்டார்கள். அந்த வேஷத்திலேயே சில வண்டிகள் சஹாரா பாலைவனம் வரை போய் வந்தன.

இத்தாலிய மொழியில் 'வெலாரே' என்றால் மூடி மறைப்பது. பெயரிலேயே குட்டு இருந்திருக்கு பாருங்க! 1970 ஜூனில் ரேஞ்ச் ரோவர் வெளியானது. 2017-ல் ஒரு ரேஞ்ச் ரோவர் மாடலுக்கு 'வெலார்' என்றே பெயர் வைத்தார்கள். பொய்ப் பெயருக்கு நிஜ மரியாதை!

ஒரு பொறியியல் சிக்கல்

மறைப்பதிலும் வில்லங்கம் உண்டு. மேலே துணியும் பிளாஸ்டிக்கும் கட்டினால் எடை கூடும், காற்றோட்டம் மாறும், எஞ்சினுக்குப் போகிற குளிர்காற்று தடைபடலாம். அப்போது நீங்கள் டெஸ்ட் செய்வது உங்கள் காரையா, வேஷம் போட்ட வேறொரு காரையா? அதனால்தான் பெயரை மட்டும் மாற்றிய வெலார் ஐடியாவுக்கு ஒரு சபாஷ். இன்றைய ஸ்டிக்கரின் சுழிகளும் அதே ரகம்தான். எடை கூட்டாமல், வளைவு நெளிவு எது என்று கண்ணை மட்டும் குழப்பும்.

அடுத்த தடவை முகமூடிக் கார் எதிரில் வந்தால் ஸ்டிக்கரைப் பார்க்காதீங்க. மறைக்க முடியாததைப் பாருங்க: சக்கரத்தின் அளவு, இரண்டு சக்கரத்துக்கும் நடுவிலுள்ள தூரம், தரையிலிருந்து உயரம். பாதிக் கதை அதிலேயே தெரிந்துவிடும். போட்டோ எடுக்கிறேன் பேர்வழி என்று பைக்கில் துரத்த மட்டும் வேண்டாம். மாறுவேஷம் ஊரை ஏமாற்றலாம் பாஸ். ரோடு யாரிடமும் ஏமாறாது!